எரிமலைச் சாம்பல் மண்: கியூஷுப் பள்ளத்தாக்குகளில் அதன் குணமும் வகுப்பும்

மண்ணின் நிறத்தைக் கண்டே அதன் குணத்தை நிச்சயிப்பது குடியானவர்களின் நெடுநாள் வழக்கம். கறுத்த பூமி வளமுள்ளது, வெளுத்த பூமி சாரமற்றது என்பது பொதுவான எண்ணம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் பருத்தியும் கம்பும் விளைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால் கரிசலைக் காட்டிலும் கறுத்த மண் ஒன்று ஜப்பான் தேசத்தில் விஸ்தாரமாக உண்டு. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரையில் மக்கு அதில் கலந்திருப்பது சாதாரணம். மண்வெட்டிக்கு இலேசாக வரும். மழைநீரைத் தாராளமாகக் குடிக்கும். இவ்வளவு நற்குணங்கள் வெளிக்குத் தோன்றியும், எருவிடாத புதுநிலத்தில் விதைத்த பயிர் அதில் தேறுவதில்லை.

இதன் பலனை அனுபவித்தவர்கள் அந்நாட்டின் புதுக்குடிகள். 1945-ம் வருஷத்தில் யுத்தம் முடிந்தவுடன், உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டி ஜப்பான் சர்க்கார் தரிசுநிலங்களைத் திருத்தும் பெருந்திட்டம் ஒன்றை மேற்கொண்டனர். வெளிநாடுகளிலிருந்து திரும்பிய குடும்பங்களும் படையிலிருந்து கலைக்கப்பட்டவர்களும் மலையடிவாரங்களிலும் மேட்டுவெளிகளிலும் குடியேற்றப்பட்டனர். பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடாமல் விட்டிருந்த நிலமே அவர்கள் பங்குக்கு வந்தது. அதில் பெரும்பகுதி மேற்சொன்ன கறுப்பு மண். முதுகொடிய உழைத்தும் விளைச்சல் கைகொடுக்காமையால் அநேகர் நிலத்தை விட்டு நீங்கினர். பழங்குடிகள் அந்நிலத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்கு விடை அம்மண்ணின் பிறப்பிலேயே இருக்கிறது.

எரிமலைச் சாம்பல் என்றவுடன் அடுப்புச் சாம்பலை நினைத்தல் தகாது. அடுப்புச் சாம்பல் விறகில் இருந்த உப்புக்களின் மிச்சம். அதில் சாம்பல் சத்து உண்டு. எரிமலை கக்குவதோ உருகிய பாறையின் பொடி. ஆகாயத்தில் சடுதியில் குளிர்ந்து போவதால் அதன் பெரும்பகுதி கண்ணாடித் தூளாகவே விழுகிறது. கண்ணாடிக்கு ஒழுங்கான படிக அமைப்புக் கிடையாது. ஆகையால் மழைநீர் அதை வெகு சீக்கிரம் கரைத்து விடுகிறது. கரைந்து வரும் அலுமினியமும் சிலிக்காவும் மறுபடி கூடி அலோபேன், இமோகோலைட் என்னும் அதிநுண்ணிய பொருள்களாகின்றன. இரும்பும் அவ்வாறே மிக நுண்ணிய துருவாகப் படிகிறது. கரிசலின் கதை வேறு. தக்காணத்துக் கரிசலுக்குத் தாயானது சுமார் 6 கோடியே 60 இலட்சம் வருஷங்களுக்கு முன் பாய்ந்து உறைந்த எரிமலைக் குழம்புப் பாறை. அது மெல்ல மெல்ல இற்று, நீர் கண்டால் உப்பி, வெயில் கண்டால் வெடிக்கும் களியாயிற்று. இரண்டும் எரிமலைக் குடும்பத்தவையே; குணத்தில் ஒன்றுக்கொன்று நேர் விரோதம்.

சாம்பல் மண்ணை ஒரே இடத்தில் பல நிலைகளிலும் பார்க்கத் தகுந்தது ஜப்பானின் தென்மேற்கிலுள்ள கியூஷுத் தீவு. அதன் நடுவில் இருக்கிறது அசோ எரிமலை. சுமார் 90,000 வருஷங்களுக்கு முன் நிகழ்ந்த ஒரு மாபெரும் வெடிப்புக்குப் பின் மலை உள்வாங்கி, வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டரும் உள்ள ஒரு பெருங்கிண்ணம் உண்டாயிற்று. அக்கிண்ணத்தின் நடுவே புதுச் சிகரங்கள் எழும்பி அதை இரண்டு பள்ளத்தாக்குகளாகப் பிரித்தன. வடக்கே அசோதானி, தெற்கே நாங்கோதானி. ஒன்றில் குரோகாவா நதியும் மற்றொன்றில் ஷிராகாவா நதியும் ஓடி, மேற்கே ஓர் இடுக்கில் கூடி வெளியேறுகின்றன. எரிமலையின் வயிற்றுக்குள்ளேயே ஊர்களும் நெல்வயல்களும் இருப்புப்பாதையும் அமைந்திருப்பது விசித்திரந்தான். நடுச்சிகரம் இன்றும் அவ்வப்போது சாம்பல் கக்குகிறது. புதிதாக விழும் அச்சாம்பலை அவ்விடத்து ஜனங்கள் யோன என்பர். அது கந்தகப் புளிப்புடையது, கீரைகளின் இலையைப் பொசுக்கும், மேய்ச்சலையும் கெடுக்கும்.

குடியானவர்கள் இம்மண்களுக்கு இட்ட பெயர்கள் கவனிக்கத்தக்கவை. கறுப்பு மேல்மண் குரோபோக்கு. குரோ என்றால் கறுப்பு, மிதித்தால் பொதபொதவென்று அமுங்குவதைக் குறிப்பது மற்றப் பாதி என்பர். அதன் கீழோ இடையிலோ செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தால் அது அகாஹோயா. சுமார் 7,300 வருஷங்களுக்கு முன் தெற்குக் கடலிலுள்ள கிகாய் எரிமலை வெடித்தபோது தீவு முழுவதும் விழுந்த சாம்பல் இது. ஹிதோயோஷிப் பள்ளத்தாக்கில் இதைப் போன்ற மண்ணுக்கு இமோகோ என்று பெயர். 1962-ல் அம்மண்ணிலிருந்து நூல்போன்ற ஒரு புதுப்பொருளைக் கண்டெடுத்த ஜப்பானிய விஞ்ஞானிகள், உழவர் வழங்கிய அப்பெயரையே வைத்து அதற்கு இமோகோலைட் எனப் பெயரிட்டனர். சாஸ்திரம் ஊராரிடம் பெயர் கடன் வாங்குவது அபூர்வம்.

குரோபோக்கு இவ்வளவு கறுத்ததற்குச் சாம்பல் மட்டும் காரணமன்று. காட்டு மரங்களின் கீழ் அதே சாம்பல் பழுப்பாகவே இருக்கிறது. நாணல் போன்ற உயரப் புல் வளரும் இடங்களிலேயே கறுப்பு ஆழமாக இறங்குகிறது. அசோவின் புல்வெளிகளை வசந்தத் தொடக்கத்தில் கொளுத்தி விடுவது பழைய வழக்கம். அக்கரியும், புல்வேர் மக்கிய மக்கும், அலுமினியத்தோடு இறுகப் பிணைந்து இரண்டடி மூன்றடி வரையில் தேங்கி நிற்கின்றன. பிணைப்பு இறுக்கமானதால் மக்கு எளிதில் சிதைவதில்லை. அதிலுள்ள தழைச்சத்தும் எளிதில் பயிருக்குக் கிடைப்பதில்லை. மக்கு மிகுதி என்று கண்டு மகிழ்ந்தவர்கள் ஏமாந்தது இங்கேதான்.

கையில் எடுத்துப் பார்த்தால் இம்மண்ணை இனங்காணலாம். சாதாரண மண் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.3 கிராம் நிறுக்கும், குரோபோக்கு 0.9 கிராமுக்கு மேற்படாது, அநேக இடங்களில் 0.5 முதல் 0.8 வரையில்தான் இருக்கும். ஈரமாக எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தால் முதலில் கெட்டியாக நின்று, திடீரென வழுக்கி நீர்விடும்; சற்று விட்டால் மறுபடி உறையும். கரிசல் போல விரலில் ஒட்டிக் கொள்ளாது. ஆனால் ஒருமுறை நன்றாகக் காய விட்டால் பழைய நிலைக்கு முழுவதும் திரும்பாது. காய்ந்த பொடி நீரை ஏற்க மறுத்துக் காற்றில் பறக்கும். ஆகையால் இம்மண்ணை உலர்த்திச் சோதித்தால் களியெல்லாம் ஒட்டி மணல்போல நின்று பிசகான விடை தரும். கோடையில் வெற்று நிலமாக விடுவதும் அதே காரணத்தால் கெடுதல்.

யாவற்றிலும் பெரிய சங்கடம் மணிச்சத்து விஷயத்தில் உள்ளது. ஒரு கிராம் அலோபேனின் மேற்பரப்பு பல நூறு சதுர மீட்டர் இருக்கும். அப்பரப்பெங்கும் அலுமினியம் பாஸ்பேட்டைப் பிடிக்கக் காத்திருக்கிறது. ஜப்பானிய முறைப்படி 100 கிராம் மண் 1,500 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட மணிச்சத்தை, பாஸ்பரஸ் பெண்டாக்ஸைடு கணக்கில், உறிஞ்சினால்தான் அதைக் குரோபோக்கு வகுப்பில் சேர்ப்பர். இக்கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் கடுமை விளங்கும். ஓர் ஏக்கரின் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 0.7 கனமெனக் கொண்டால், சுமார் 425 டன். அது விழுங்கக் கூடிய மணிச்சத்து 6,300 கிலோவுக்கு மேல். அதில் நூற்றுக்கு 5 பங்கை மாத்திரம் தீர்க்க வேண்டுமென்றாலும் 320 கிலோ ஆகிறது. 16 சதவிகித ஸூபர் பாஸ்பேட்டாக வாங்கினால் 50 கிலோ மூட்டை நாற்பது! வழக்கமாக இரண்டு மூன்று மூட்டை போடும் குடியானவர் அதை மண்ணுக்குக் கொடுத்தாரேயொழியப் பயிருக்குக் கொடுக்கவில்லை.

ஜப்பானியர் யுத்தத்துக்குப் பின் செய்த திருத்தம் இக்கணக்கை ஒட்டியதே. முதலில் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை அடக்குவது. பிறகு, மண்ணின் உறிஞ்சு சக்தியில் 5 முதல் 10 சதவிகிதத்துக்கு ஈடான மணிச்சத்தை ஒரே முறையாகப் பெருமளவில் கலந்து விடுவது. இதற்கு அவர்கள் விரும்பியது மக்னீஷியத்தோடு உருக்கிச் செய்த பாஸ்பேட். அது நீரில் சட்டென்று கரையாததால் மண் அதை உடனே கவர்ந்து கொள்ள இயலாது. சுண்ணாம்பின் வேலையையும் ஓரளவு செய்யும். இப்பெருஞ்செலவைத் தனிக்குடியானவர் தாங்குவது கடினம். மண்ணைச் சோதித்து முன்கூட்டியே கணக்கிட்டு, குடியேற்றத்தோடு கூடவே இவ்வுதவியும் செய்திருந்தால் பல குடும்பங்கள் நிலத்தை விட்டிரா.

புளிப்பிலும் எல்லாச் சாம்பல் மண்ணும் ஒன்றல்ல. அலோபேன் மிகுந்த மண் மிதமான புளிப்புடையது. அலோபேன் இல்லாமல் அலுமினியமும் மக்குமே பிணைந்த வகை கடும்புளிப்புடையது. அதில் கரைந்து நிற்கும் அலுமினியம் வாற்கோதுமை முதலிய பயிர்களின் வேர் நுனியைக் குறுக்கி விடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு.

பள்ளத்தாக்கில் இடத்துக்கு இடம் மண் மாறுவது நம்மவர்க்கும் தெரிந்த செய்தி. சரிவிலும் மேட்டிலும் நீர் வடிந்து சிலிக்காவைக் கழுவிக் கொண்டு போவதால் அங்கே அலோபேன் தங்குகிறது. அக்கழுவல் தேங்கும் அடிவாரத்திலோ சிலிக்கா மிகுந்து ஹாலோசைட் என்னும் வேறு களி உண்டாகிறது. ஆற்றோரத்தில் அடித்து வந்த வண்டலும் கலப்பதால் உறிஞ்சு சக்தி குறையும். ஜப்பானிய விவசாய இலாகாவின் பாகுபாடு இதையே தழுவியது: வடிகாலுள்ள மேட்டு மண் குரோபோக்கு எனவும், நிலத்தடி நீரோ பாசன நீரோ பட்டுத் துருப்புள்ளி கண்டது ஈரக் குரோபோக்கு எனவும், எப்போதும் நீர் நின்று அடியில் நீலச்சாம்பல் நிறம் பூத்தது குரோபோக்குச் சேற்றுமண் எனவும் மூன்றாக வகுப்பர். முதல் வகையில் காய்கறியும் மேய்ச்சலும், மற்ற இரண்டில் நெல்லும் நடைபெறுகின்றன. நெல்லுக்கு இம்மண் அவ்வளவு விரோதியன்று. நெற்பயிர் விரும்பும் சிலிக்கா சாம்பலில் உண்டு. நீர் கட்டும்போது புளிப்பு தணிந்து, இரும்பு பிடித்திருந்த மணிச்சத்தில் ஒரு பாகம் விடுபடுகிறது. ஆனால் மேட்டோர வயல்களில் நீர் நிற்பதில்லை. தொளதொளத்த மண் வழியே இறங்கி விடுகிறது. அதற்கு அடிமண்ணை உருளையால் இறுக்குவதும், பென்டோனைட்டுக் களியைக் கலப்பதும் அவர்கள் கண்ட பரிகாரம்.

உலகப் பாகுபாட்டில் இம்மண் தனிஸ்தானம் பெற வெகுகாலம் ஆயிற்று. 1947-ல் ஜப்பானில் மண் அளவை செய்த அமெரிக்கர், கறுத்த மண் எனப் பொருள்படும் ஜப்பானியச் சொற்களிலிருந்து ஆண்டோ என்ற பெயரை வழங்கினர். அமெரிக்க முறையில் அது வேறொரு வகுப்பின் கிளையாகவே வெகுநாள் கிடந்தது. 1978-ல் கை ஸ்மித் என்னும் நிபுணர் தனி வகுப்பாக்க வேண்டுமென எழுதினார். 1990-ல் ஆண்டிஸால் என்ற பெயரால் பதினோராவது பெருவகுப்பாயிற்று. கனம் 0.90-க்கு மேற்படாமை, பாஸ்பேட்டில் 85 சதவிகிதமாவது பிடித்து வைத்தல், ஆக்ஸலேட் திராவகத்தில் கரையும் அலுமினியமும் இரும்பில் பாதியும் சேர்ந்து 2 சதவிகிதமாவது இருத்தல் ஆகிய மூன்றும் அதன் முக்கிய அடையாளம். இவை முற்றாத இளஞ்சாம்பலுக்குக் கண்ணாடித் தூளின் அளவைக் கொண்டு வேறு விதி உண்டு. வயலிலேயே செய்யத்தக்க சோதனையும் ஒன்று இருக்கிறது: பினால்ப்தலீன் தோய்த்த காகிதத்தில் சிறிது மண்ணை அப்பி, ஸோடியம் புளோரைடுத் திராவகம் ஒரு துளி விட்டால், அலோபேன் உள்ள மண்ணில் காகிதம் சிவந்து விடும். மேற்படி திராவகம் விஷமாதலால் இதைப் பயின்றவர்களே செய்ய வேண்டும்.

சரிவுகளில் இம்மண் அபாயமும் தரும். 2012 ஜூலையில் பெய்த பெருமழையில் அசோவின் உட்சரிவுகள் பல இடங்களில் சரிந்தன. 2016 ஏப்ரல் 16-ல் பூகம்பத்தின்போது ஒரு முழுச் சரிவே பெயர்ந்து பாதையையும் பாலத்தையும் கொண்டு போயிற்று. நீரேறிய சாம்பல் அடுக்கு அசைந்தவுடன் தன் பிடிப்பை இழப்பதே காரணம். விரலிடையில் கண்ட அதே வழுக்கல்தான். அவ்வருஷம் வாய்க்கால்கள் சிதைந்து நடவில்லாமல் கிடந்த வயல்களும் உண்டு.

நம் பக்கத்தில் எரிமலை இல்லையே என்று இதை ஒதுக்கி விடலாகாது. ஆந்திராவில் ஜுர்ரேறு பள்ளத்தாக்கில், சுமார் 74,000 வருஷங்களுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலையிலிருந்து வந்த சாம்பல் படிந்திருக்கிறது. பாத்திரம் துலக்கும் பொடிக்காக அதை வெட்டியெடுத்து வந்தனர். அது வெறும் பூதத்துவ விநோதம். விவசாயத்துக்கு நெருக்கமானது நீலகிரிச் செய்தி. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அதன் மேட்டுப் பகுதியில், சாம்பல் சற்றும் விழாத இடத்திலேயே, அலுமினியமும் மக்கும் பிணைந்து ஆண்டிஸாலின் அடையாளம் பெற்ற கறுப்பு மண் இருப்பதை 2000-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அலோபேன் இல்லாத, கடும்புளிப்பு வகையைச் சேர்ந்தது அது. உருளைக்கிழங்கும் கோசும் காரட்டும் பயிரிடும் மலைக்குடியானவர்கள் ஸூபர் பாஸ்பேட்டைப் பரக்க வீசாமல், தொழு உரத்தோடு கலந்து கிழங்கூன்றும் சாலிலேயே இடுவதும், அதற்கு முன் மண்ணைப் புளிப்புச் சோதனைக்கு அனுப்பிச் சுண்ணாம்பின் அளவைத் தெரிந்து கொள்வதும் செலவைக் குறைக்கும். தேயிலைத் தோட்டங்களில் பாறைப் பாஸ்பேட்டைக் குத்துக்குழியில் இடுவது இந்நியாயத்தைத் தழுவியதே. சோதனைக்கு மண் எடுக்கும்போது சரிவின் மேல்பாகம், நடுப்பாகம், பள்ளம் மூன்றிலிருந்தும் தனித்தனியாக எடுத்து, ஒன்றோடொன்று கலக்காமல் பெயரெழுதி அனுப்ப வேண்டும்.