தென்னை நார்க்கழிவும் சிப்பிக் காளானும்

பட்டுப்போன மாங்கட்டையை மழைக்காலத்தில் பிளந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: சில கட்டைகள் உள்ளே வெளுத்துப் பஞ்சுபோலாகி, விரலாற் பிய்த்தால் நார்நாராய்ப் பிரியும். மரத்துக்கு உறுதி தருவதாகிய லிக்னின் என்னும் வஸ்துவை ஒருவகைப் பூஞ்சணம் தின்றுவிடுவதே காரணம். வீட்டு உத்திரத்திற் புகுந்தால் இது சத்துரு. ஆயினும், பொள்ளாச்சிப் பக்கத்து நார்த் தொழிற்சாலைகளில் மலைபோற் சேரும் தூளுக்கு இவ்வினமே மருந்து.

மட்டையிலிருந்து நார் எடுத்தபின் உதிரும் அத்தூளில் நூற்றுக்கு 30 பங்கு லிக்னின். ஆதலால் எளிதில் மக்குவதில்லை. குவியலினூடே வடியும் மழைநீர் செந்நிறச் சாறாகிக் கிணறுகளையுங் கெடுக்கும். இதுபற்றிய மனுக்கள் கிராம அதிகாரிகளுக்குப் புதியவையல்ல.

அப்படியே வயலில் இட்டாலென்ன என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மிராசுதாரர் கேட்க, ஈரங்காக்குமென்று கருதி நானும் இசைந்தேன். சில வாரங்களிற் சோளப்பயிர் மஞ்சள் பாய்ந்தது. தூளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரி 112 பங்கு. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாமே கவர்ந்துகொண்டன. மேலும் யூரியா இட்டே பயிரை மீட்டோம். அச்செலவை அவர் இன்றும் எனக்கு நினைவூட்டுகிறார்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறையில், அங்காடியில் உணவாக விற்கும் சிப்பிக் காளானின் வித்தே பயன்படுகிறது. டன் ஒன்றுக்கு வித்து 5 புட்டி, யூரியா 5 கிலோ போதும். நிழலான மேட்டிடத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு 100 கிலோ தூளை நனைத்துப் பரப்பி, ஒரு புட்டி வித்தைத் தூவுக. அதன்மேல் மற்றொரு 100 கிலோ தூளைப் பரப்பி, 1 கிலோ யூரியாவைத் தூவுக. இவ்வாறே மாறிமாறி அடுக்கி முடிக்கவேண்டும். வித்தையும் யூரியாவையும் ஒரே அடுக்கில் கலந்துவிடுவது பலர் செய்யும் பிழை. பச்சை அல்லது கறுப்புப் பூசணம் படர்ந்த வித்தை வாங்கலாகாது. ஈரம் குன்றாமல் நீர் தெளித்து, 10 நாட்களுக்கொருமுறை கிளறிவிடுக.

ஏறக்குறைய 2 மாதத்தில் தூள் கறுத்து, குவியல் தாழ்ந்து, மண்வாசனை வீசும். அப்போது லிக்னின் நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைந்து, கரி 112 பங்கென்பது 24 ஆக இறங்கியிருக்கும். இவ்வெருவை ஏக்கருக்கு 2 டன் அடியுரமாக இடலாம். காய்க்குந் தென்னைக்கு மரமொன்றுக்கு 5 கிலோவேனும் வேண்டும். விலைக்கு வாங்குவோர் ஒரு கைப்பிடியைப் பிழிந்து பார்க்கட்டும். செந்நிறச் சாறு வடியுமாயின் அது இன்னும் பச்சைத்தூளே.