துப்பாக்கி காலிதானா?

பயிர்ப் பாதுகாப்புக்காகவோ, வங்கிக் காவல் பணிக்காகவோ உரிமம் பெற்று, முதன்முறையாக ஒரு துப்பாக்கி உங்கள் இல்லத்திற்குள் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். அதன் ஆபத்திலோ வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்குண்டு. ஆகவே, வாசக அன்பர்களே, இதனைத் தாய்மார்களும் படித்தல் வேண்டும்.

'காலியாகத்தான் இருக்கிறது' என்பதைப் போல் உயிர் குடிக்கும் சொல் இத்துறையில் வேறில்லை. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 'ரஸ்ட்' என்னும் திரைப்படத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆபத்தற்றது என்று கூறி நடிகரின் கையில் தரப்பட்ட துப்பாக்கியில் உண்மைத் தோட்டா ஒன்று இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மாண்டார், இயக்குநர் காயமுற்றார். ஆயுதப் பொறுப்பாளரான பெண்மணி 2024இல் சிறைத்தண்டனை பெற்றார். அதற்கென்றே ஆள் நியமித்திருந்த இடத்தில் இந்நிலை என்றால், நேற்று வாங்கியவர் எம்மாத்திரம்?

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெப் கூப்பர் (1920–2006) வகுத்த நான்கு விதிகளில் முதலாவது, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும் என்பதாகும். எவர் 'காலி' என்று சொல்லித் தந்தாலும், குழலை ஆளில்லாத திசையில் திருப்பி, நாமே திறந்து, கண்ணாலும் விரலாலும் சோதித்தல் வேண்டும்.

கைத்துப்பாக்கி வைத்திருப்போர் இங்கே சற்று நிதானித்துப் படியுங்கள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் காலியாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். குழலின் பின்முனையிலுள்ள அறையில் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். முதலில் மேகசினைக் கழற்றி, பிறகுதான் மேற்பகுதியைப் பின்னிழுத்து அத்தோட்டாவை வெளியேற்ற வேண்டும். வரிசை மாறினால் என்னவாகும்? பின்னிழுத்ததும் ஒரு தோட்டா வெளியே விழும்; அதைக் கண்டு மனநிறைவு கொள்வோம். ஆனால், மேற்பகுதி முன்னே செல்லும்போது மேகசினிலிருந்து மற்றொன்றை அறைக்குள் தள்ளிவிடும். அதன்பின் மேகசினைக் கழற்றிப் பயனில்லை. இரட்டைக் குழல் துப்பாக்கியில் இச்சிக்கல் இல்லை. மடக்கித் திறந்தால் இரு குழல்களும் கண்முன் தெரியும்.

குழல் முனை எவரையும் நோக்கலாகாது. பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்புடன் செல்வோர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நீங்கள் அறிவீர்கள். எய்யும் எண்ணமே இல்லாதவருக்கு இடப்பட்ட கட்டளை அது! (பெருநாள் கழிந்து மதரஸாவுக்கு வரும் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியை ஒருவர் நெற்றியில் மற்றவர் வைத்து விளையாடுவதைக் காண்கிறேன். வாங்கித் தருவோர் சற்றே சிந்திக்கலாம்.)

சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே நீட்டியே இருக்கட்டும். கால் இடறினாலும், திடுக்கிட்டாலும் கை தானாகவே இறுகும். கை நழுவிய துப்பாக்கியைத் தாவிப் பிடிக்காதீர்கள். விரல் விசையில் சிக்கக்கூடும். விழுந்தால் விழட்டும்.

குறிக்கு அப்பால் இருப்பதும் உங்கள் பொறுப்பே. சிறியதென நாம் எண்ணும் பாயிண்ட் டூ டூ தோட்டாவின் குண்டே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை செல்ல வல்லது. வானை நோக்கிச் சுட்டாலும் குண்டு எங்கோ இறங்கத்தான் செய்யும். கொண்டாட்டத்திற்கென்று பிறர் உயிருக்கு ஆபத்து நேருமாறு சுடுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என நம் நாட்டு ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

வீட்டில் தோட்டா நீக்கிய துப்பாக்கியை ஒரு பூட்டிலும், தோட்டாக்களை வேறிடத்தில் வேறு பூட்டிலும் வையுங்கள். அலமாரியின் மேல்தட்டு பூட்டாகாது. நாற்காலியிட்டு ஏறி மிட்டாய் டப்பாவை எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதுவும் எட்டும். கண்டால் தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவரிடம் சொல் என்று பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லி வையுங்கள். சாவி உரிமதாரரிடமே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் பல குடும்பத்தார் மறந்துவிடுகின்றனர். உரிமதாரர் மௌத்தாகிவிட்டால் அந்த உரிமம் வாரிசுகளைச் சேராது. ஜனாஸா முடிந்து ஆண்டுகள் கடந்தும் துப்பாக்கி அலமாரியில் கிடப்பது குற்றமாகும். அதனை நீங்களே கழற்றிப் பார்க்க முற்பட வேண்டாம். காவல் நிலையத்திற்குத் தெரிவித்து, உரிமப் புத்தகத்துடன் ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். மகன் வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அது காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ இருக்கட்டும்.