கொள்ளைநோய்க்குப் பின்னரான இயற்கைப் பாதுகாப்பு: புத்தளம் கரையோரம் புகட்டும் பாடம்

காடுகளும் ஈரநிலங்களும் அழிக்கப்படும்போது வனவிலங்குகளிடமுள்ள நோய்க்கிருமிகள் மனிதரை வந்தடையும் வாய்ப்பு அதிகரிக்கின்றது என்ற அறிவியலாளரின் எச்சரிக்கையைக் கொவிட்-19 பெருந்தொற்று உலகின் செவிகளில் உரக்க ஒலிக்கச் செய்தது. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030ஆம் ஆண்டளவில் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்க உடன்பட்டன.

எனினும், கொள்ளைநோயொன்றின் பின்விளைவு புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்குப் புதியதன்று. 1980களில் சிலாபம் தொடக்கம் புத்தளம் வரை கண்டல் காடுகளும் உவர்ச் சதுப்பு நிலங்களும் இறால் பண்ணைகளாக மாறின. பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரைப் பெற்றன. கழிவுநீரையும் அதிலேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி வைரசு நோய் பரவியபோது, ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணைக்கும் சென்றது. இறால்கள் மடிந்தன, பண்ணையாளர் கடனாளிகளாயினர். கண்டலும் இல்லை, இறாலும் இல்லை என்ற நிலையில் குளங்கள் கைவிடப்பட்டன.

இந்த இழப்பிலிருந்தே ஒரு நல்ல நடைமுறை பிறந்தது. பண்ணைப் பகுதிகள் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, எந்த வலயம் எப்போது குஞ்சுகளை இடலாம் என்பதைக் கூறும் பயிர்ச்செய்கை நாட்காட்டி உருவானது. அரச அதிகாரிகளும் பண்ணையாளர் சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து அதனைத் தீர்மானிக்கின்றனர். பொதுவான நீரைப் பொதுவான பொறுப்புடனேயே காக்க முடியும் என்பதே இதன் பொருள்.

கொவிட் காலத்தில் இப்பாடம் மறக்கப்பட்டது. 2001 முதல் றம்சார் ஈரநிலமாக விளங்கும் ஆனவிழுந்தாவையில் 2020 ஆகஸ்டில் கண்டல் பகுதியொன்று இயந்திரம் கொண்டு அழிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான சுற்றுநிருபம், எஞ்சிய அரச காடுகளின் நிருவாகத்தைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் ஒப்படைத்தது. நெருக்கடி வேளையில் இயற்கையே முதலில் பலியிடப்படுகின்றது.

அழித்ததை ஈடுசெய்ய மரம் நட்டால் மட்டும் போதுமா? சுனாமிக்குப் பின்னர் இலங்கையில் 23 இடங்களில் 1,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் கண்டல்கள் நடப்பட்டன; 200 முதல் 220 ஹெக்டேரே வெற்றியளித்ததாக ஆய்வொன்று காட்டியது. பொருத்தமற்ற மண்ணும் நீர்மட்டமும் பராமரிப்பின்மையுமே காரணங்களாகும். ஆனவிழுந்தாவையில் கைவிடப்பட்ட இறால் குளங்களின் நீரோட்டத்தைச் சீர்செய்து, கண்டல் இயல்பாக முளைக்க இடமளிக்கும் முயற்சி இதனாலேயே நம்பிக்கை தருகின்றது.

சூழலின் பெயரால் அறிவியல் ஆதாரமின்றி எடுக்கப்படும் முடிவு எத்தகைய காயத்தை உண்டாக்கும் என்பதை எமது மக்கள் அறிவர். நிலத்தடி நீர் மாசடையும் எனக் கூறி, 2021 பெப்ரவரி வரை கொவிட்டினால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இழந்த நம்பிக்கை அத்துடன் முழுமையாக மீண்டுவிடாது.

ஆகவே, இக்கரையோரத்துக்கான பாதுகாப்புக் கொள்கை கொழும்பில் மட்டும் எழுதப்படலாகாது. கற்பிட்டி, முந்தல் மீனவர்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்து களப்பை நம்பி வாழும் குடும்பங்களும் அதில் பங்குகொள்ள வேண்டும். புதிய பண்ணைக்கு அனுமதி வழங்குமுன் கைவிடப்பட்ட குளங்களின் கணக்கு வெளியிடப்பட வேண்டும். கண்டலைக் காப்போருக்கு அதனால் வாழ்வாதாரமும் கிடைக்க வேண்டும். களப்பு வாழ்ந்தால்தான் கரையும் வாழும்.