இரண்டு நாள் துரத்தல்

தம்பி தங்கைகளே, ஒரு கணக்கு. அனைத்துலக விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நிலாவோ 384,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1969 ஜூலையில் அப்போலோ 11 மூன்றே நாளில் நிலாவை எட்டிவிட்டது. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோருக்கு, பக்கத்திலிருக்கும் நிலையத்தைப் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது. ஏன்?

ஷேக் முஸாபர் எலும்பு மருத்துவர். மலேசியா ரஷ்யாவிடம் சுகோய் போர் விமானங்கள் வாங்கியபோது, அந்த உடன்பாட்டோடு ஒரு மலேசியருக்கு விண்வெளிப் பயணமும் கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் 11,000 பேருக்கு மேல். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நின்ற நால்வரில் ஒருவர் எஸ். வனஜா என்ற தமிழ்ப் பெண். பொறியாளர், அந்த நால்வரில் ஒரே பெண். பறக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது.

2007 அக்டோபர் 10, நம் நேரப்படி இரவு 9 மணிக்கு மேல், கஸக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து ஷேக் முஸாபரை ஏற்றிக்கொண்டு ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் கிளம்பியது. ஒன்பதே நிமிடத்தில் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. மீதி நேரமெல்லாம் துரத்தல்தான்! நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிள்ளானுக்கு மேலே இருக்கும் நிலையம் பிரிக்பீல்ட்ஸுக்கு மேலே வர நான்கு வினாடி போதும்.

வேகத்தைக் கூட்டி எட்டிப் பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் விண்வெளியின் விசித்திரம். வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்கு ஏறிவிடும். அந்தப் பாதை நீளம். சுற்றி வர அதிக நேரமாகும். ஆகவே முன்னேறுவதற்குப் பதில் பின்தங்கிப் போகும்! அதனால் சோயுஸ் தாழ்வான பாதையிலேயே சுற்றியது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் உள்வட்டத்தில் ஓடுகிறவருக்குத் தூரம் குறைவு, இல்லையா? அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, சரியான நேரத்தில் மேலே ஏறி, அக்டோபர் 12 அன்று நிலையத்தோடு இணைந்தது.

இன்னொன்று. அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு அங்கேயும் உண்டு. நிலையமும் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் அத்தனை வேகமாகப் போவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால் மிதக்கிறார்கள். அங்கே அஞ்சாங்கல் ஆடினால், மேலே எறிந்த கல் உங்கள் கைக்குத் திரும்பாது. நேரே போய்க் கூரையில் முட்டும்.

நிலையம் ஒரு நாளில் ஏறத்தாழ 16 முறை பூமியைச் சுற்றுகிறது. அப்படியானால் 16 சூரிய உதயம்! முஸ்லிமான ஷேக் முஸாபர் ஐந்து வேளைத் தொழுகைக்கு எதைக் கணக்காக வைப்பது? கலம் கிளம்பிய இடத்தின் நேரத்தைப் பின்பற்றலாம் என்று மலேசிய இஸ்லாமிய அறிஞர்கள் வழிகாட்டினார்கள். அக்டோபர் 13 நோன்புப் பெருநாள். ஷேக் முஸாபர் கொண்டுபோயிருந்த சத்தேயைச் சக வீரர்களும் ருசி பார்த்தார்கள்.

பிறகு இந்தத் துரத்தல் கணக்கு இன்னும் துல்லியமானது. 2013இல் வீரர்கள் ஆறே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்; 2020இல் மூன்றே மணி நேரம்தான். நிலையத்தை நீங்களும் வெறும் கண்ணால் பார்க்கலாம். பொழுது சாய்ந்த சற்று நேரத்திலோ விடியலுக்கு முன்போ, சீராக நகரும் பிரகாசமான புள்ளியைத் தேடுங்கள். சிவப்பு, பச்சை விளக்குகளோடு சிமிட்டினால் அது சுபாங்கில் இறங்கப் போகும் விமானம்.