சிறைநீரும் அலைகடலும்

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் உதாரண வெண்பா ஒன்றிலே, மெய்கண்டதேவர் உயிரைச் சிறைப்பட்டு நின்ற புனலுக்கு உவமித்தருளினார். சிறை நீங்கிய புனல் ஆறாய்ச் சென்று கடலையடைந்து மீளாதவாறுபோல, புலன்களாற் கட்டுண்ட உயிர் அக்கட்டினை உணர்ந்து நீங்கி அரன் திருவடியை அடைந்து மீளாது என்பது அதன் கருத்து. மதுரையன்பர்க்கு இங்கே ஓர் ஐயம் நிகழும். நம் வைகையோ பெரும்பாலும் கடல் காண்பதில்லை. வருசநாட்டு மலையிற் பிறந்து, கண்மாய்தோறும் நிறைத்து, எஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகின்றது. இறைவனுக்கு நஞ்சளித்த கடலை அணுகேன் என்று அஃது ஒதுங்கியதாக ஒரு புலவர் நயம்படப் பாடினமையும் பலர் அறிவர். அங்ஙனமாயின், உவமை நம்மாற்றிற்கு ஒவ்வாதோ?

ஒவ்வும். நீர் நிறைந்த காலத்து மாடக்குளம் கண்மாய்க் கரையில் நின்று நோக்குக. சிறை என்பது அணைக்கும் பெயர், காவலுக்கும் பெயர். தேங்கிய நீர் அசைவற்றதுபோலத் தோன்றினும், பள்ளம் நாடுந் தன் இயல்பை ஒரு கணமும் விட்டிலது. இரவும் பகலும் கரையை உந்திக்கொண்டே நிற்கின்றது. ஆழம் மிகுந்தோறும் அவ்வுந்துதலும் மிகுதலினன்றோ, கரையை அடியில் அகலமாக அமைத்தனர்! மேல்கடல் நோக்கி ஓடிய பெரியாற்று நீரை 1895ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பினர். 1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகையணையும் எழுந்தது. வழி மாறிற்று, ஓட்டம் தடையுண்டது. பள்ளம் நாடுதல் மாறிற்றில்லை.

ஆயினும் மடையை நீர் தானே திறந்துகொள்ளமாட்டாது. நீர்பாய்ச்சி வந்து திறத்தல் வேண்டும். சூத்திரங் கூறுவதும் இதுவே. வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்கு அரசன் உணர்த்தினாற்போல, இறைவனே குருவாய் வந்து உணர்த்துகின்றான். திறந்தபின், இவ்வயலிற் பாய்வேன், அவ்வயலிற் பாயேன் என்று நீர் தெரிந்தெடுப்பதில்லை. வாய்க்கால் விட்ட வழியே செல்கின்றது. விடாது முயல்தலும் தன்னை ஒப்புவித்தலும் தம்முள் மாறுபட்டன என்பார் இதனை ஆராய்க. கரையை உந்தியதும் வாய்க்காலுக்கு இசைந்ததும் அந்த ஒரே தாழ்வு நாட்டமன்றோ?

இனி, கடலிற் புகுந்த ஆறு கடலேயாயிற்று, ஆகவே உயிரும் சிவமும் ஒன்றே என இவ்வெண்பாக்கொண்டு வாதிப்பாரும் உளர். உவமை ஒருபுடையுவமை, ஆசிரியர் ஈண்டுக் கொண்டது மீளாமையையே. ஏழாஞ் சூத்திரத்திலே கடல், நீர், உப்பு என மூன்றாகப் பிரித்து, முறையே சிவம், உயிர், மலம் என்பவற்றிற்கு ஒப்பாக்கியவர், அடுத்த சூத்திரத்தில் அவ்வேறுபாட்டை மறப்பரோ?

வைகையைப்பற்றிய ஐயத்தில் ஒன்று எஞ்சியது. பெருவெள்ளம் வந்த ஆண்டுகளில், மிகுந்த நீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக்குநீரிணையிற் சென்று சேர்கின்றது. நஞ்சின் கதையைப் பாடிய புலவர் அக்காலத்து அப்பக்கஞ் சென்றிலர் போலும்.