பாலாற்றங்கரை – 17: மலைமேல் பல்வலி

ஒரு கடுக்காய்த் துண்டை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். நாக்கு சுருங்கும், ஈறு இறுகும், எச்சில் வற்றிப்போகும். எச்சிலில் உள்ள புரதத்தைக் கடுக்காயின் துவர்ப்பு பிடித்துக்கொள்வதால் வருவது இது. ஆட்டுத் தோலை அழுகவிடாமல் காப்பதும் இதே துவர்ப்புதான். ஆவாரம்பட்டைக் குழியில் ஊறிய தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுக்கும் பழைய டேனரி வழக்கத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். குரோம் உப்பு வந்து அந்த வழக்கத்தை ஓரங்கட்டிவிட்டது. கடுக்காய் பல்பொடியில் இன்னும் இருக்கிறது.

அந்தக் கடுக்காயைப் பொறுக்குகிற மனிதர்களின் பல் எப்படி இருக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தெற்கே எழுந்து நிற்கிறது ஜவ்வாது மலை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அதில் மிகப் பெரிய கூட்டம் இவர்கள்தான்.

சாமையும் கேழ்வரகும் மலையின் சாப்பாடு. வேப்பங்குச்சியோ கரித்தூளோ பல் விளக்கப் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. கரித்தூள் பல்லைத் தேய்க்கும், வெற்றிலையோடு போட்ட புகையிலை கன்னத்தைப் புண்ணாக்கும். ஆனால் பல் சொத்தையாவதற்கு இனிப்பு வேண்டும், அதுவும் அடிக்கடி வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்ய நேரம் கொடுக்காமல் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால் பல்லில் குழி விழுகிறது. ரோடு போட்ட மலைக்கு முதலில் ஏறுவது டாக்டர் அல்ல, பெட்டிக்கடைச் சரக்கு. க்ரீம் பிஸ்கட்டும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும் சரமாகத் தொங்குகின்றன.

பல் வலித்தால்? கிராம்பை வைத்து அடைப்பார்கள், அல்லது ஒரு துணுக்குப் புகையிலை. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிப்பதும் உண்டு. பல்லிலிருக்கும் பூச்சி செத்து விழும் என்று நம்பிக்கை. பல்லில் பூச்சி கிடையாது. இதைச் சொன்னால் பாட்டிகள் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. வேர்சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். ஒரே தடவையில் முடிகிற வைத்தியம் பிடுங்குவதுதான். வலி பொறுக்காமல் இறங்கி வருபவர் கேட்பதும் அதைத்தான்.

2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைப் பிழைக்க வைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, உடலைத் தாய் சுமந்து நடந்தார். நாடே பேசியது, ரோடு பற்றிப் பேச்சு எழுந்தது. பல்வலி யாரையும் அப்படிச் சட்டென்று கொல்வதில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் வராது. பையன் இரவு தூங்காமல் மறுநாள் வகுப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் திருப்பத்தூரும் ஒன்று. வாய்ப்புற்றும் அதில் சேர்த்தி. வாயைத் திறந்து பார்க்கிற அந்தக் கையோடு பல்லையும் பார்த்துக் குறித்துக்கொண்டால் என்ன?

மருந்துகளும் வந்துவிட்டன. உலக சுகாதார அமைப்பு 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளோரைடு பேஸ்ட்டையும் சில்வர் டயமைன் ஃபுளோரைடையும் சேர்த்தது. இரண்டாவது, சொத்தையில் பிரஷ்ஷால் தடவும் ஒரு திரவம். டிரில்லிங் மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஊசி வேண்டாம். சொத்தை கறுத்துப்போகும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பார்க்க அழகில்லை, ஆனால் பால்பல்லுக்கு அழகு எதற்கு?

தடவ ஆள் வேண்டுமே என்பீர்கள். அலாஸ்காவின் பழங்குடியினர் 2003-இல் தங்கள் இளைஞர்களை நியூசிலாந்துக்கு அனுப்பிப் பல் சிகிச்சை படிக்க வைத்தார்கள். பல் டாக்டர்கள் சங்கம் வழக்குப் போட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. படித்தவர்கள் ஊர் திரும்பி, விமானத்தில் மட்டுமே போக முடிகிற கிராமங்களில் பல் அடைக்கிறார்கள். நம் ஜவ்வாது மலையின் புதூர்நாட்டுப் பெண்ணுக்கும் ஜமுனாமரத்தூர்ப் பையனுக்கும் அந்தப் படிப்பு வராதா?

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே தூங்கி எழுகிறார்கள். காலையிலும் இரவிலும் வரிசையாக நிற்கவைத்து, பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டில் பல் விளக்க வைக்க ஒரு வார்டன் போதும். ஒரு எச்சரிக்கை: பக்கத்துக் கிருஷ்ணகிரி, தருமபுரியில் தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பிள்ளைகளின் பல்லில் காவி ஏறியிருக்கிறது. ஆகவே முதலில் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள் சிலர் இந்தத் தொடரை வாசிப்பதாகக் கேள்வி. ஐந்து கோடிக்கு மேல் லாபம் பார்த்தால் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது நிறுவனச் சட்டம். இந்த வருடப் பணத்தில் ஒரு பங்கை மலைப் பள்ளிகளின் பேஸ்ட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் ஒதுக்குங்கள்.

(தொடரும்)