பிழைத்த பிள்ளை பிழைக்க வேண்டாமா?



'பிழைத்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. சாவின் வாயிலிருந்து மீள்வதும் பிழைத்தல். உழைத்துப் பொருளீட்டி வாழ்வதும் பிழைத்தல். முதல் பிழைப்புக்கு அள்ளித் தரும் நம் கைகள், இரண்டாம் பிழைப்புக்கு ஏன் மூடிக்கொள்கின்றன? இந்த வினாவையே இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

காயல்பட்டினத்தில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன். ஒன்பது வயதில் ஓயாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே உடலில் நீலத் திட்டுகள். இரத்தப் புற்றுநோய் என்றனர் மருத்துவர்கள். ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்தோம். கடல் கடந்து வாழும் நம்மூரார் பணம் அனுப்பினர். இரண்டரை ஆண்டுகள் வெளியூர் மருத்துவமனையில் கழிந்தன. அல்லாஹ்வின் கிருபையால் குணமடைந்து திரும்பினான். ஊரே "அல்ஹம்துலில்லாஹ்" என்றது. அத்துடன் மறந்தும் விட்டது.

இப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. தன்னைவிடச் சிறியவர்களுடன் ஒரே வகுப்பில் அமரக் கூசி ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பின்னர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பைத் தேறினான். மின்பணி கற்கும் ஆசையில் ஒரு பட்டறைக்குச் சென்றான். பழைய நோயைக் கேள்விப்பட்ட உரிமையாளர், மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒருநாள் மஃரிபுக்குப் பின் என்னருகில் வந்தமர்ந்தான். "ஹஜ்ரத், நான் மவுத்தாகாமலிருக்க ஊரே காசு தந்தது. இனி நான் பிழைக்க யாரிடம் போய்க் கேட்பது?" என்றான். எனக்கு விடை வரவில்லை.

குணமாகும் நோயே!

புற்றுநோய் என்றாலே கபன் துணியை நினைக்கும் காலம் மலையேறிவிட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தார். நம் பகுதியினர் பெரிதும் நாடும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ல் தோன்றியது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் பதின்ம வயதினரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் இவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் மேல் குணமடைகின்றனர். ஏனைய நாடுகளிலும் 2030-க்குள் குறைந்தது 60 விழுக்காட்டினரேனும் பிழைக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வகுத்தது.

அப்படியானால் நம் தெருக்களிலும் நோயை வென்ற இளைஞர்கள் பெருகுவார்கள். அவர்களுக்காக நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1991-லேயே, சிகிச்சை முடித்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தனிப் பிரிவு தொடங்கியது. 1951-ல் உருவான இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் துணையுடன், குணமடைந்த இளைஞர்களே 'உகம்' என்னும் குழுவாக 2009-ல் ஒன்றிணைந்தனர். நோய் தீர்ந்தால் மட்டும் போதாது, வாழ்வும் தளிர்க்க வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சட்டத்தின் இடைவெளி

1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகை வழங்கச் சொல்கிறது. தூத்துக்குடி கோரம்பள்ளத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களில் சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்; மின்பணியாளர் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு தேவை. மின்பணிக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி.

எனினும் ஓர் இடைவெளி உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எலும்புப் புற்றால் காலை இழந்தவர் அதில் இடம்பெறுவார். ஆனால் இரத்தப் புற்றிலிருந்து மீண்டு, இதயம் சற்றே தளர்ந்து, படிப்பில் பல ஆண்டுகளை இழந்தவருக்கு அப்பட்டியலில் தனி இடம் இல்லை. நோயாளி என்ற உதவியும் இல்லை. மாற்றுத்திறனாளி என்ற சலுகையும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பச் சமுதாயம்தான் முன்வர வேண்டும்.

மார்க்கம் காட்டும் வழி

யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று வினவினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும் இருந்தன. அவற்றை இரண்டு திர்ஹங்களுக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றதற்குக் கோடரி வாங்கச் செய்து, தம் திருக்கரங்களாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்து திர்ஹங்களுடன் திரும்பினார். அபூதாவூதில் காணப்படும் நிகழ்ச்சி இது. அங்கே முதலில் உணவு, உடனே கருவி. இரண்டில் எதுவும் விடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்கு, விலை கூடுதலாயினும், ஜகாத்திலிருந்து வழங்கலாம் என்றே எழுதியுள்ளார்கள். ஆளுக்கு ஒரு நூறு ரூபாயாகப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே ஜகாத் அன்று!

செய்ய வேண்டியவை

உதவ முன்வரும் ஜமாஅத்துகளுக்கும், வெளிநாடுகளில் இயங்கும் காயல் நல மன்றங்களுக்கும் சில கருத்துகள்:

முதலாவது, மருத்துவரின் ஆலோசனை. சில மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தக்கூடும். அத்தகையவர் பளு தூக்கும் தொழிலில் இறங்குமுன் பரிசோதனை வேண்டும். சில மருந்துகள் செவித்திறனைக் குறைக்கும். இரைச்சல் மிகுந்த பட்டறை அவர்க்கு ஆகாது. விழிப் புற்றால் ஒரு கண்ணை இழந்தவர், இரும்புத் துகள் தெறிக்கும் வேலையில் மற்றக் கண்ணைக் காத்தாக வேண்டும். தலையில் கதிர்வீச்சுப் பெற்றவருக்குப் பாடம் மெதுவாகவே ஏறலாம்; கால அவகாசம் தந்தால் கற்றுக்கொள்வார். காலை இழந்தவருக்குத் தையலும் கைப்பேசி பழுது பார்ப்பதும் கணினியும் உள்ளன. ஆசைக்கும் உடலுக்கும் பொருந்திய தொழிலைத் தேர்வதே பாதி வெற்றி.

இரண்டாவது, பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: சேரும்போது கட்டணமும் சீருடையும், பயிலும் மாதங்களில் பேருந்துச் செலவும் உணவும், ஆண்டுப் பரிசோதனைக்கான பயணமும், முடிக்கும்போது கருவிப்பெட்டி. மூன்றாவதை மறந்தால் முந்தைய இரண்டும் வீண். ஜகாத் பணமாயின் உரியவரின் கையில் உடைமையாகவே ஒப்படையுங்கள். பிற சமயச் சகோதரப் பிள்ளைகளுக்கு ஸதகாவும் நன்கொடையும் இருக்கின்றன.

மூன்றாவது, இரகசியம் காத்தல். "வெளியே தெரிந்தால் தங்கச்சி நிக்காஹ் தடைப்படும்" என அஞ்சும் உம்மாக்கள் பலர். இரத்தப் புற்றுநோய் தொற்றுநோய் அன்று. பெரும்பாலும் பரம்பரை நோயும் அன்று. இதனை மிம்பர்களில் எடுத்துரைப்போம். ஆனால் உதவி பெறுவோரின் பெயரையும் படத்தையும் மேடையேற்ற வேண்டாம்.

நான்காவது, தொழில் நடத்துவோர் கதவைத் திறக்க வேண்டும். பரிசோதனை நாளில் விடுப்பும், தொடக்கத்தில் சற்றுப் பொறுமையும் தந்தால் போதும். அதுவும் ஒரு தர்மமே.

நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்கியவரின் கயிற்றைப் பிடித்தபடி தோணியில் ஒருவர் நின்றிருப்பார். நீர்மட்டத்துக்கு இழுத்ததும் கயிற்றை விட்டுவிட மாட்டார். தோணிக்குள் ஏற்றிய பின்னரே விடுவார். நாமோ தலை வெளியே தெரிந்ததும் கயிற்றை விட்டுவிட்டோம்.

என் மாணவன் அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கவிருக்கிறான். அவனுடைய மருத்துவரின் கடிதத்தைப் பெற்றாயிற்று. பயணச் செலவை மூவர் ஏற்றிருக்கிறோம். கருவிப்பெட்டிக்கு இன்னும் ஆள் இல்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இந்த இதழை மூடிவைத்ததும் அவனைத் தேடிச் சென்று, "என்ன தொழில் கற்க ஆசை?" என்று கேளுங்கள்.

நோயைத் தந்து ஷிஃபாவையும் தந்த வல்ல ரஹ்மான், அப்பிள்ளைகளுக்குக் கண்ணியமான ரிஸ்கையும், அதற்குக் காரணமாகும் பாக்கியத்தை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.